உன் கையில் ஒரு கல்யாணம்

'டக்.'

இவ்வளவுதான் அந்தச் சத்தம். விரலை மடக்கி மேசையில் ஒரு முறை தட்டினால் வருமே, அதைவிடச் சற்றுக் கனமாக இருந்தது. சென்னை ரிச்சி தெருவை ஒட்டிய ஒரு சந்து. பத்துக்குப் பத்து கடை. நான் வேலைக்குச் சேர்ந்து ஏழாவது மாதம். கண்ணாடி கவுன்ட்டர்மேல் ஒரு ஹார்ட் டிஸ்கைப் பக்கவாட்டில் நிறுத்திவைத்துவிட்டு ஸ்க்ரூ டப்பாவைத் தேடித் திரும்பினேன். முழங்கை பட்டது. டிஸ்க் சாய்ந்தது. தரையில் விழவில்லை, நின்ற இடத்திலேயே படுத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

எதிரில் நின்ற போட்டோ ஸ்டுடியோக்காரர், "ஒண்ணும் ஆகலையே தம்பி?" என்று கேட்டார்.

"ஒண்ணும் ஆகாதுண்ணே" என்றேன்.

மாட்டினேன். ஓடியது. பில் போட்டேன்.

பதினோரு வாரம் கழித்து அதே அண்ணன் அதே கேபினட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். ஆன் செய்ததும் உள்ளேயிருந்து டிக்… டிக்… டிக்… என்று சத்தம். பூட்டிய வீட்டுக்குள் மாட்டிக்கொண்ட யாரோ கதவைத் தட்டுவதுபோல் இருந்தது. அந்த டிஸ்கில் ஆறு கல்யாணம் இருந்தது. அதில் ஒரு மணப்பெண்ணின் அப்பா, கல்யாணம் முடிந்த இரண்டாம் மாதமே காலமாகியிருந்தார். மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைத்துவிட்டு அவர் அழுத காட்சி அந்த டிஸ்கில் மட்டும்தான் இருந்தது.

அண்ணன் என்னைத் திட்டவில்லை. "இப்பல்லாம் மாலே சரியா வர்றதில்லப்பா" என்று டிஸ்க் செய்த கம்பெனியைத் திட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை. 'டக்' என்ற சத்தம் எனக்கு ஞாபகம் இருந்தது. ஆனாலும் திறக்கவில்லை.

தம்பி, தங்கை! ஸ்க்ரூ டிரைவர் பிடித்துச் சோறு தின்கிற என் இனமே! உன்னிடம் நான் சண்டை போட வந்திருக்கிறேன். உன் திறமையோடு எனக்குச் சண்டையில்லை. உன் வாயிலும் என் வாயிலும் ஊறிப்போன அந்த இரண்டு வார்த்தைகளோடுதான் சண்டை: "ஒண்ணும் ஆகாது." இதை நாம் தைரியம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். வாடிக்கையாளர் முன்னால் தயங்காமல் சொன்னால் அதுதான் தன்னம்பிக்கை என்று யாரோ நமக்குச் சொல்லிவைத்துவிட்டார்கள். பொய்! என்ன ஆகும் என்று அணு அணுவாகத் தெரிந்தவன் நெஞ்சில் பிறப்பதுதான் நம்பிக்கை. தெரியாதவன் வாயில் வருவது வெறும் சத்தம். அன்று நான் போட்டதும் சத்தம்தான். டிஸ்க் போட்ட 'டக்'கைவிட மோசமான சத்தம்.

தெரிந்துகொள்வோம், வா. தெரிந்தால் உன் விரல் தானாக மென்மையாகும்.

மூடிய பெட்டிக்குள் கண்ணாடிபோல் மின்னுகிற வட்டத் தட்டுகள் இருக்கின்றன. மேசைக் கணினியின் டிஸ்கில் அவை வழக்கமாக நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்று சுற்றும். 7,200 என்றால் நொடிக்கு 120 சுற்று. மூன்றரை அங்குல டிஸ்கில் தட்டின் வெளி விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 130 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. நாற்கர சாலையில் பறக்கிற காரின் வேகம்! அந்த வேகத்தில் ஓடும் தட்டுக்கு மேல் 'ஹெட்' என்று நாம் சொல்கிற முனை, தட்டு கிளப்பும் காற்றிலேயே மிதந்தபடி எழுதுகிறது, படிக்கிறது. தட்டுக்கும் அதற்கும் நடுவில் உள்ள இடைவெளி சில நானோமீட்டர். உன் தலைமுடி ஒன்றைப் பிடுங்கிப் பார். அதன் தடிமன் எண்பதாயிரம் நானோமீட்டர் வாக்கில் இருக்கும். அந்த முடியைப் பத்தாயிரம் இழையாகக் கிழித்து அதில் ஒன்றை எடுத்தால்கூட, ஹெட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் அது நுழைவது கடினம். சிகரெட் புகையின் ஒரு துகள் அங்கே மலை.

இப்போது சொல். அந்த இடத்தில் ஒரு 'டக்' என்ன செய்யும்?

ஹெட் ஒரு கணம் எம்பும். எம்பியது திரும்பி வந்து தட்டில் அறையும். அறைந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குழி விழும். குழியிலிருந்து ஒரு பொடி பெயரும். அன்றைய மேசைக் கணினி டிஸ்குகள் பலவற்றில், மின்சாரம் இல்லாத நேரத்தில் ஹெட் தட்டின்மேலேயேதான் படுத்திருக்கும். அதனால் ஓடாத டிஸ்குக்கும் இந்த அறை உண்டு. இன்று பெரும்பாலும் ஹெட் தட்டுக்கு வெளியே ஒரு சாய்தளத்தில் ஏறி நின்றுகொள்கிறது. ஆபத்து குறைந்திருக்கிறது, போய்விடவில்லை. ஹெட்டைத் தாங்கும் மெல்லிய தகடு வளையலாம். தட்டைச் சுழற்றும் தண்டின் பேரிங் பாதிக்கப்படலாம்.

ஆனால் கொடுமை இதில் இல்லை. கொடுமை என்ன தெரியுமா? அன்று மாலை எதுவும் தெரியாது! டிஸ்க் ஓடும். விண்டோஸ் ஏறும். படம் காட்டும். பெயர்ந்த அந்தப் பொடி உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு நாள் ஹெட்டுக்கு அடியில் சிக்கும். இன்னொரு கீறல், இன்னும் கொஞ்சம் பொடி. பிறகு ஒரு நாள் டிக்… டிக்… அதற்குள் நீ அந்த வேலையை மறந்திருப்பாய், வாடிக்கையாளர் உன் முகத்தை மறந்திருப்பார், எல்லோரும் சேர்ந்து கம்பெனியைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். கொத்தனார் கட்டிய சுவர் கோணலாக இருந்தால் தெருவே பார்க்கும். தையற்காரர் தவறினால் சட்டை அன்றைக்கே காட்டிக்கொடுக்கும். உன் தொழில் அப்படியில்லை. உன் தவறுக்குச் சாட்சி நீ ஒருவன்தான். இப்படிப்பட்ட தொழிலைச் சுத்தமாகச் செய்ய எப்பேர்ப்பட்ட நெஞ்சு வேண்டும் என்று யோசித்துப் பார்த்திருக்கிறாயா? அந்த நெஞ்சை வைத்துக்கொண்டா "நான் சும்மா ஃபிட்டிங் பையன்" என்று சொல்கிறாய்?

1956-இல் ஐபிஎம் நிறுவனம் ராமாக் என்ற கணினியோடு உலகின் முதல் ஹார்ட் டிஸ்கைக் கொண்டுவந்தது. 24 அங்குல விட்டத்தில் 50 தட்டுகள். எடை ஒரு டன் வாக்கில். மொத்தமாக 50 லட்சம் எழுத்துகள் கொள்ளும். இன்று உன் செல்போனில் எடுக்கும் ஒரே ஒரு போட்டோவுக்கே அது போதாமல் போகலாம். அதை நகர்த்த ஃபோர்க்லிஃப்ட் வேண்டும், ஆட்கள் வேண்டும், "பார்த்து, பார்த்து" என்று குரல் கொடுக்க ஒரு மேலாளர் வேண்டும். இன்று அதைவிடப் பல லட்சம் மடங்கு கொள்ளும் டிஸ்க் முக்கால் கிலோ எடைகூட இல்லை. ஒற்றைக் கையில் பிடித்துக்கொண்டு மறுகையால் டீ குடிக்கலாம். எடை குறைந்தது, கூடவே மரியாதையும் குறைந்துவிட்டது. நாலு பேர் தூக்கியபோது கிடைத்த கவனம், ஒருவர் தூக்கும்போது ஏன் கிடைக்கவில்லை? அந்த மேலாளரின் "பார்த்து, பார்த்து" இப்போது உனக்குள் இருந்துதான் வரவேண்டும்.

அதிர்ச்சிக்கு ஒரு கணக்கு இருக்கிறது. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்களும் போடக்கூடிய கணக்கு. பயப்படாதே, கணக்கு தெரிந்த கைக்குத்தான் இனி ஊரில் மதிப்பு.

அதிர்ச்சியை 'ஜி' என்ற அளவில் சொல்கிறார்கள். பூமி நம்மைக் கீழே இழுக்கும் முடுக்கம் ஒரு ஜி. ஒரு பொருள் எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தது என்பதை, தரையைத் தொட்டபின் எவ்வளவு தூரத்தில் நின்றது என்பதால் வகுத்துக்கொள். தோராயமாக அதுதான் அதன்மீது விழும் சராசரி ஜி. உச்சம் அதைவிடக் கூடுதலாக இருக்கும். இப்போது என் 'டக்'கைக் கணக்குப் போடு. பக்கவாட்டில் நின்ற மூன்றரை அங்குல டிஸ்கின் மேல் விளிம்பு 10 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். அதாவது 100 மில்லிமீட்டர். கண்ணாடியில் விழுந்தால் அது அரை மில்லிமீட்டருக்குள் நின்றுவிடும் என்று வைத்துக்கொள். 100-ஐ அரையால் வகு. இருநூறு ஜி! மேசையிலிருந்து சிமென்ட் தரைக்கு 75 சென்டிமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்குள் நின்றால் 750.

டிஸ்க் தாங்குவது எவ்வளவு? மூன்றரை அங்குல டிஸ்குகளின் விவரத் தாளைத் திறந்து பார். ஓடாமல் இருக்கும்போது 300 ஜி வாக்கிலும், ஓடும்போது 70, 80 ஜி வாக்கிலும் போட்டிருப்பார்கள். அதுவும் 2 மில்லிநொடி மட்டும் நீடிக்கிற அதிர்ச்சிக்கு. லேப்டாப்பின் இரண்டரை அங்குல டிஸ்க் இன்னும் கூடத் தாங்கும். அது ஊர் சுற்றப் பிறந்தது. ஆனால் நீ தினமும் கேபினட்டில் மாட்டுவது மூன்றரை அங்குல மூத்தவனைத்தான், அவன் உடம்பு அவ்வளவுதான்.

இப்போது அதே கண்ணாடி கவுன்ட்டரில் ஒரு பழைய மவுஸ் பேடைப் போடு. டிஸ்க் சாய்ந்து விழும்போது அது 2 மில்லிமீட்டர் அமுங்கிக் கொடுத்தால், 100-ஐ 2-ஆல் வகு. ஐம்பது. இருநூறு எங்கே, ஐம்பது எங்கே! நடுவில் இருப்பது தூக்கிப் போடவிருந்த ஒரு ரப்பர் துண்டு. விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லை என்று புலம்பாதே. உன் மேசையில் ஒரு ரப்பர் விரிப்பு விரித்துவிட்டாய் என்றால், பெரிய ஆய்வகத்தில் உள்ள என்ஜினீயருக்குத் தெரிந்த இயற்பியலை நீ உன் கடையில் நடத்திக்கொண்டிருக்கிறாய் என்று பொருள். (விரிப்பின்மேல் வைத்தாலும் படுக்கவைத்து வை. நிற்கவைக்காதே. நின்றால்தானே விழும்.)

ஒரு டிஸ்க்மேல் இன்னொன்றை அடுக்குகிறாயே, 'கிளிக்' என்று உலோகமும் உலோகமும் தொட்டுக்கொள்ளுமே, அதையும் இந்தக் கணக்கில் வை. இரண்டும் விட்டுக்கொடுக்காத ஜாதி. நிற்கும் தூரம் ஏறக்குறைய இல்லை. வகுக்கும் எண் சுருங்கினால் விடை எங்கே போகும்?

நாமக்கல் பக்கம் போயிருக்கிறாயா? முப்பது முட்டை கொள்ளும் காகித அட்டைகளை அடுக்கி, வேகத்தடை தாண்டி, குண்டும் குழியும் தாண்டி, டிவிஎஸ் எக்ஸெல்லில் கட்டிக்கொண்டு போவார்கள். ஒவ்வொரு முட்டைக்கும் ஒரு பள்ளம். ஒன்று இன்னொன்றைத் தொடாது. அட்டை அமுங்கும், முட்டை அமுங்காது. அந்த வண்டிக்காரர் எந்தக் கல்லூரியிலும் 'நிறுத்தும் தூரம்' படித்ததில்லை. அவர் கைக்குத் தெரியும். "உடையாதுங்க" என்று அவர் சொல்லும்போது அதில் ஒரு கனம் இருக்கிறது. ஏனென்றால் எப்படி உடையும் என்று அவருக்குத் தெரியும். நீ டிஸ்க் வாங்கப் போகும் கடையில் அதை எப்படி எடுத்துத் தருகிறார்கள் என்று அந்தக் கண்ணோடு பார். கட்டாக எடுத்துக் கவுன்ட்டரில் வீசுகிற இடமா? பத்து ரூபாய் குறைவு என்றாலும் வாங்காதே. வாங்கியதை வண்டியின் பெட்டிக்குள் ஸ்பேனரோடும் டிரில்லோடும் உருள விடாதே. பபுள் ராப் சுற்று. முதுகுப் பையில் துணிக்கு நடுவில் வை. உன் முதுகைவிடச் சிறந்த ஷாக் அப்சார்பர் எந்த வண்டியிலும் இல்லை.

சிசிடிவி மாட்டுகிற பிள்ளைகளுக்கு நான் தனியாகச் சொல்லவேண்டும். நம் தொழிலில் இன்று அதிகம் டிஸ்க் மாட்டுவது நீங்கள்தான். அதிகம் அவசரப்படுவதும் நீங்கள்தான். ஒரு நாளைக்கு மூன்று கடை, ஏணி, தூசி, "எப்பப்பா முடியும்?" என்று உரிமையாளர். டிவிஆரைத் திறந்து, உள்ளே டிஸ்கை வைத்து, கவிழ்த்துப் பிடித்து, அடியிலிருந்து நாலு ஸ்க்ரூ போடவேண்டும். கவிழ்க்கும்போது ஒரு கை டிஸ்கைத் தாங்க வேண்டும். தாங்காமல் கவிழ்த்தால் அது உள்ளேயே தொப்பென்று விழும். ஏணியில் நின்று இதைச் செய்யாதே; இறங்கு, ஒரு துண்டை விரித்து உட்கார், அங்கே செய். நாலு ஸ்க்ரூ இடத்தில் இரண்டு போட்டுவிட்டு மூடுகிற பழக்கம் உனக்கு இருந்தால் இன்றோடு அதைத் தலைமுழுகு. இரண்டு ஸ்க்ரூவில் நிற்கிற டிஸ்க் தன் சுழற்சியாலேயே நடுங்கும்.

முடித்துவிட்டு டிவிஆரை எங்கே வைக்கிறாய்? பல கடைகளில் பார்க்கிறேன், ரோலிங் ஷட்டருக்குப் பக்கத்துச் சுவரில்! காலையில் 'தடதடதட', இரவில் 'தடதடதட… டமால்'. மேசைக் கணினியின் டிஸ்காவது இரவில் தூங்கும். சிசிடிவி டிஸ்குக்கு இருபத்துநாலு மணி நேரமும் எழுத்து வேலை. அது எப்போதும் ஓடுகிறது. அதாவது அந்த 300 ஜி அதன் வாழ்க்கையில் கிடையவே கிடையாது. பிறந்ததிலிருந்து சாகும்வரை 70, 80-தான். அதைக் கொண்டுபோய் ஷட்டர் விழுகிற சுவரில் அறைந்து வைக்கலாமா? உரிமையாளர் "அங்கேயே வைப்பா" என்றால், "ஐயா, உள் அலமாரியில் வைத்தால் உங்கள் ரெக்கார்டிங் தப்பிக்கும்" என்று நிமிர்ந்து சொல். காரணத்தைச் சொல். சொன்னால் கேட்பார்கள். கேட்காதவரிடம் இன்னொரு முறை சொல்.

அதிர்வை நான் பெரிதுபடுத்துகிறேன் என்று நினைக்கிறாயா? சன் மைக்ரோசிஸ்டம்ஸில் பணியாற்றிய பிரெண்டன் கிரெக் என்ற பொறியாளர், 2008-இல் ஓடிக்கொண்டிருந்த டிஸ்க் அடுக்கின் அருகில் போய் வாய்விட்டுக் கத்தினார். கத்திய அந்த நொடியில் டிஸ்குகளின் வேகம் தடுமாறியது திரையில் வரைபடமாகத் தெரிந்தது. அந்த வீடியோ உலகம் முழுக்கப் பரவியது. 2016 செப்டம்பரில் ருமேனியத் தலைநகர் புகாரெஸ்டில் ஐஎன்ஜி வங்கியின் தரவு மையத்தில் தீயணைப்பு வாயுவைச் சோதித்தார்கள். தீ இல்லை, தண்ணீர் இல்லை. வாயு பீறிட்ட ஓசை மட்டும்தான். பல டிஸ்குகள் பழுதாகி, வங்கியின் சேவைகள் ஏறக்குறைய பத்து மணி நேரம் முடங்கின. ஓசைக்கே இந்தக் கதி என்றால், ஓடுகிற கேபினட்டைக் காலால் தள்ளி மேசைக்கு அடியில் நகர்த்துகிறோமே!

இனி மாட்டுகிற வேலைக்கு வா. டிஸ்கின் கவரைப் பிரிப்பதற்கு முன் கேபினட்டின் வர்ணம் பூசாத உலோகத்தை ஒரு முறை தொடு; உன் உடம்பில் ஏறிய நிலைமின்சாரம் இறங்கட்டும். நமக்கு 'சுரீர்' என்று தெரிவதற்கே ஏறக்குறைய 3,000 வோல்ட் ஆகவேண்டும், அதைவிட மிகக் குறைவானதே சிப்பைக் கொல்லப் போதும். இதற்குமேல் நிலைமின்சாரத்தைப் பற்றி நான் பேசப்போவதில்லை, அது எல்லோரும் சொல்வது. டிஸ்கை இரு பக்க விளிம்பிலும் பிடி. அடியில் இருக்கும் பச்சைப் பலகையில் விரல் வைக்காதே. ஊரில் பாட்டிமார் பச்சைக் குழந்தையை வாங்குவதைப் பார்த்திருப்பாய். கொடுப்பவர் கை விடுவதற்கு முன்பே வாங்குபவர் கை கழுத்துக்கடியில் போயிருக்கும். டிஸ்க் கை மாறும்போது அந்தப் பாட்டியாக இரு. "இந்தா புடி" என்று நீட்டாதே, நீட்டினால் வாங்காதே. "கீழே வை, நான் எடுத்துக்கறேன்" என்று சொல்.

கேபினட்டைப் படுக்கவை. டிஸ்க் கூண்டுக்குள் சறுக்கிப் போகட்டும், இடித்து ஏற்றாதே. கூண்டு இறுக்கமாக இருந்தால் கூண்டைச் சரிசெய், டிஸ்கின் முதுகில் உள்ளங்கையால் தட்டாதே. தட்டிப் பார்த்து வாங்க அது மண்பானையா? மூன்றரை அங்குலத்துக்கு உரிய தடித்த, குட்டையான ஸ்க்ரூவைத்தான் போடவேண்டும். லேப்டாப் டிஸ்குக்கான மெல்லிய ஸ்க்ரூ வேறு. கைக்குக் கிடைத்த நீள ஸ்க்ரூவைத் திருகினால் அது உள்ளே போய் எதை முட்டும் என்று உனக்குத் தெரியாது. நாலையும் முதலில் விரலால் பிடிக்க வை. பிறகு எதிர் எதிர் மூலையாக இறுக்கு. எல்லாவற்றையும்விட முக்கியம், பேட்டரி டிரில்லைக் கொண்டு இறுக்காதே! சுவரில் கிளாம்ப் அடிக்க வந்த கருவி அது. ஸ்க்ரூ கடைசியில் முட்டி நிற்கும்போது 'டர்ர்ர்' என்று அடிக்கிறதே, அந்த ஒவ்வோர் அடியும் ஹெட்டுக்குப் போகிறது. கையால் திருகு. மணிக்கட்டு "போதும்" என்று சொல்லும்; அந்தச் சொல்லைக் கேட்கப் பழகிய மணிக்கட்டுக்குப் பெயர்தான் தொழில்.

கேபிள், பவர் எல்லாம் கடைசியில். ஆன் செய்தபின் கேபினட்டை அசைக்கவே அசைக்காதே. நிமிர்த்தி வைக்கவேண்டுமென்றால் ஆன் செய்வதற்கு முன்பே நிமிர்த்திவிடு. கழற்றும்போது பவரை எடுத்ததும் கை வைக்காதே. தட்டு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். அரை நிமிடம் பொறு. அந்த அரை நிமிடத்தை வீணான நேரம் என்று நினைக்காதே. அவசரத்தில் இருக்கிற வாடிக்கையாளர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு முப்பது நொடி நிற்பவனைப் பார். அவன் முகத்தில் ஒரு தெளிவு இருக்கும். மேடையில் ஏறிக் கத்துகிற எந்த ஆளிடமும் நான் அதைப் பார்த்ததில்லை.

சில லேப்டாப்களில் கீழே விழுவதை உணரும் சென்சார் உண்டு. ஐபிஎம் தன் திங்க்பேடில் 2003-இல் அதைக் கொண்டுவந்தது. காரின் ஏர்பேகுக்கு இருக்கும் அதே யோசனை: விழுகிறோம் என்று தெரிந்த கணமே ஹெட்டை ஒதுக்கிவிடும். உன் கையில் இருக்கும் மேசைக் கணினி டிஸ்குக்கு அந்த வசதி இருக்காது. பெட்டியிலிருந்து கூண்டுவரை அதற்கு இருக்கும் ஒரே சென்சார் நீ.

சரி, இத்தனைக்கும் மேல் விழுந்துவிட்டால்?

விழும். மனிதன் கை, விழும். அப்போதுதான் நீ யார் என்று உனக்கே தெரியும். புது டிஸ்க், உள்ளே ஒன்றுமில்லை, கை நழுவித் தரையில் விழுந்தது, யாரும் பார்க்கவில்லை. போட்டுப் பார்த்தால் ஓடுகிறது. மாட்டிவிடலாமா? மாட்டாதே! சோதனை மென்பொருளில் 'நன்று' என்று வந்தாலும் வாடிக்கையாளருக்கு மாட்டாதே. உன் கடையில் சில்லறை வேலைக்கு, போனாலும் பரவாயில்லை என்கிற கோப்புகளுக்கு வைத்துக்கொள். நஷ்டம் வரும். வலிக்கும். அந்த மாதம் வீட்டுக்குக் கொடுக்கிற பணத்தில் குறையும், எனக்குத் தெரியும். முதலாளியிடம் சொல்ல நாக்கு எழாது, அதுவும் தெரியும். எழ வை! "விழுந்துடுச்சுண்ணே, என் கை தப்பு, இத மாட்டவேணாம்" என்று சொல்ல உனக்கு எத்தனை நொடி ஆகும்? நான் சொல்லாமல் விட்ட அந்த ஒரு வாக்கியம் இருபது வருடமாக என் தொண்டையில் நிற்கிறது.

விழுந்த டிஸ்கில் ஏற்கெனவே யாருடைய தரவோ இருந்தால் இன்னும் கவனம். டிக் டிக் என்று கேட்டதும் நிறுத்து. திரும்பத் திரும்ப ஆன் செய்யாதே. ஒவ்வொரு முறையும் அந்த ஹெட் மிச்சமிருக்கும் தட்டையும் உழும். அன்று நான் ஆன் செய்தேன், ஒரு தடவை, பத்துத் தடவை, ஃப்ரீசரில் வைத்து எடுத்து இன்னொரு தடவை. மிச்சத்தையும் நானே அழித்திருப்பேன் என்று இப்போது தெரிகிறது. தூசியில்லாத அறையும் உரிய கருவியும் உள்ள தரவு மீட்பு நிலையத்துக்கு அனுப்பியிருக்க வேண்டும்.

அனுப்பினால் வருமா என்று கேட்கிறாயா? 2003 பிப்ரவரி 1-ஆம் தேதி கொலம்பியா விண்கலம் பூமிக்குத் திரும்பும் வழியில் வானத்திலேயே சிதறியது. ஏழு வீரர்கள் மாண்டார்கள். சிதறிய துண்டுகளில் ஒரு ஹார்ட் டிஸ்கும் இருந்தது. ஏறக்குறைய 400 மெகாபைட் கொள்ளளவு. அது கருகி, மூடியின் அடைப்பு உருகி, உள்ளே புழுதி ஏறிக் கிடந்தது. அதில் இருந்தது செனான் வாயுவைப் பற்றி விண்வெளியில் நடத்திய ஓர் ஆய்வு. கிரால் ஆன்ட்ராக் என்ற தரவு மீட்பு நிறுவனத்தில் அதைப் பிரித்து, தட்டுகளைத் துடைத்து, வேறொரு டிஸ்கின் உடம்பில் ஏற்றிப் படித்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தரவு கிடைத்தது. 2008-இல் அந்த ஆய்வு முடிவு அச்சில் வெளியானது. வானத்திலிருந்து எரிந்து விழுந்ததைப் பார்த்து "முடிஞ்சுபோச்சு" என்று அவர்கள் சொல்லவில்லை. "ஒண்ணும் ஆகலை" என்றும் சொல்லவில்லை. என்ன ஆகியிருக்கிறது என்று பார்த்தார்கள். அந்த மூன்றாவது பேச்சை நீ பேசப் பழகு.

என்னிடம் இன்று இருபது பேர் படிக்கிறார்கள். செத்துப்போன டிஸ்குகள் ஒரு பெட்டி நிறைய வைத்திருக்கிறேன். வகுப்பின் முதல் நாள் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுப்பதில்லை. கிரானைட் போட்ட ஒரு மேசை. ஒவ்வொருவராக வந்து அதன்மேல் டிஸ்கை வைக்க வேண்டும். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வேன். சத்தம் கேட்டால், "மறுபடி."

போன பேட்ச்சில் திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். அப்பா செங்கல் சூளையில். முதல் நாள் காலையில் பேரைச் சொல்லவே தலை நிமிரவில்லை. முதல் சுற்றில் 'டக்'. "மறுபடி." இரண்டாம் சுற்றிலும் லேசாக 'டக்'. அவளோடு வந்த பையன்கள் சிரித்தார்கள். மூன்றாம் சுற்று. நான் சுவரைப் பார்த்து நிற்கிறேன். காத்திருக்கிறேன். சிரிப்பு அடங்கிவிட்டது. மின்விசிறி சுற்றுகிறது. தெருவில் ஒரு தண்ணீர் லாரி போகிறது. ஒன்றும் கேட்கவில்லை. பயந்து நிற்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்து, "வையம்மா" என்றேன்.

"வெச்சுட்டேன் சார்" என்றாள்.

திரும்பினேன். டிஸ்க் கல்லின்மேல் படுத்திருந்தது. அவள் நிமிர்ந்து நின்றிருந்தாள்.